நீலரும் பச்சையரும்

மனிதன் காரணங்களைச் சீர்தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு பக்ஷத்தில் சேருகிறானா, அல்லது பக்ஷத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு காரணங்களைத் தேடிக்கொள்கிறானா என்ற கேள்விக்குச் சரித்திரத்தில் விடை தேடுகிறவர்கள், ஆறாம் நூற்றாண்டுக் கான்ஸ்டாண்டிநோபிளின் ரதப் பந்தய மைதானத்தில் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்து வருவது நல்லது.

பந்தயக் குதிரைகளையும் சாரதிகளையும் வைத்துப் பராமரிப்பதற்காக ரோமாபுரியில் ஏற்பட்ட நான்கு குழுக்கள், ஓடுகிற ரதம் யாருடையது என்று தெரிவதற்காகச் சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்ற நிறங்களைச் சாரதிகளுக்கு அணிவித்தன. ஆதியில் அதற்கு மேல் அந்த நிறங்களுக்கு விசேஷம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. குதிரையின் வேகத்தையோ சாரதியின் சாமர்த்தியத்தையோ ரசித்தாலும் ஒப்புக்கொள்ளலாம், ஜனங்கள் வெறும் துணியின்மீதல்லவா மோகம் கொண்டிருக்கிறார்கள், நடு ஓட்டத்தில் சாரதிகளின் நிறங்களை மாற்றிவிட்டால் இவர்களுடைய அபிமானமும் அந்த க்ஷணமே மாறிவிடுமே என்று இளைய பிளினி ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டார். பெரிய மனிதருக்குரிய அலட்சியம் அதில் தொனித்தாலும் அவர் கண்டது பொய்யல்ல. கான்ஸ்டாண்டிநோபிளில், வென்ற சாரதி தோற்றவனோடு குதிரைகளை மாற்றிக்கொண்டு அன்றே மறுபடி ஓடிக்காட்டும் ஏற்பாடுகூட இருந்தது. போர்ஃபிரியஸ் என்ற மகா சாரதி இரண்டு பக்ஷங்களுக்காகவும் ஓடி, இரு தரப்பாராலும் சிலை வைத்துக் கொண்டாடப்பட்டான். குதிரையும் சாரதியும் இடம் மாறின. ஆசனத்தில் இருந்தவன்தான் மாறவில்லை.

சிவப்பும் வெள்ளையும் காலக்கிரமத்தில் மற்ற இரண்டின் நிழலில் ஒதுங்கிவிட, நகரமே நீலர் என்றும் பச்சையர் என்றும் பிரிந்து நின்றது. அண்ணன் தம்பி என்ற பந்தத்தையும் மதியாமல் இவர்கள் அடித்துக்கொண்டதை நேரில் கண்ட சரித்திராசிரியர் பிரகோபியஸ், இது ஆத்மாவைப் பற்றிய வியாதி என்றே எழுதினார். இளைஞர்கள் முன்னந்தலையை நெற்றிப்பொட்டு வரை மழித்துப் பின்னால் ஹூணர்களைப் போல் கூந்தலை வளர்த்துக்கொண்டு, மணிக்கட்டில் இறுகித் தோள்வரை உப்பும் கைகளையுடைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு, இரவில் ஆயுதங்களோடு திரிந்தார்களாம்.

நீலர் நிலப்பிரபுக்கள், பச்சையர் வணிகர்கள் என்றும், ஒரு சாரார் வைதிகக் கிறிஸ்தவர்கள், மறு சாரார் கிறிஸ்துவின் சுபாவத்தைப் பற்றி வேறு கொள்கை உடையவர்கள் என்றும் பண்டிதர்கள் நெடுங்காலம் பாகுபடுத்தி வந்தார்கள். இதற்குப் போதிய சான்றில்லை என்று ஆலன் காமெரான் 1976-இல் வாதித்தார். எனக்கு அவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. இவ்வளவு ரத்தம் சிந்தியதற்குப் பின்னால் ஒரு தத்துவமாவது இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை, ஜனங்களுக்கு இருந்ததைவிடப் பண்டிதர்களுக்கே அதிகம் இருந்திருக்கிறது.

அபிமானம் எங்கிருந்துதான் வருகிறது என்பதற்குப் பிரகோபியஸ் தம் ரகசியச் சரித்திரத்தில் சொல்லும் தியோடோராவின் கதையைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. அவளுடைய தந்தை பச்சையரிடம் கரடிகளைப் பராமரித்தவர். அவர் இறந்தபின் தாய் மறுமணம் செய்துகொண்டு, அந்த வேலை புதிய கணவனுக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். லஞ்சம் வாங்கிய ஒருவன் அதை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். மூத்தவளுக்கே ஏழு வயது நிரம்பாத மூன்று பெண் குழந்தைகளின் தலையிலும் கையிலும் மாலைகளைச் சுற்றி, கூடியிருந்த ஜனங்களின் முன்னே கெஞ்சும் கோலத்தில் தாய் உட்காரவைத்தாள். பச்சையர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கள் கரடிக்காரனையும் அண்மையில் இழந்திருந்த நீலர் அழைத்து வேலை கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் பட்டமகிஷியான தியோடோரா ஆயுள் முழுவதும் நீலர் பக்ஷமாகவே இருந்ததற்கு அந்த ஒரு நாள் போதாதா?

சக்கரவர்த்தியும் நீலர் அபிமானிதான். ஆனால் 532 ஜனவரியில் தூக்குமேடை உடைந்து உயிர் தப்பிய இரு குற்றவாளிகளில் ஒருவன் நீலனாகவும் மற்றவன் பச்சையனாகவும் அமைந்துவிட்டது. 13-ஆம் தேதி மைதானத்தில் இருவருக்கும் மன்னிப்புக் கேட்டு ஜனங்கள் கூவினார்கள். அரச ஆசனத்திலிருந்து பதில் வரவில்லை. இருபத்திரண்டாவது ஓட்டத்தின்போது, பரம சத்துருக்களான இரு பக்ஷத்தாரும் ஒருவரையொருவர் வாழ்த்தத் தொடங்கி, சாரதிகளுக்கு முழக்கும் ‘நிகா’ — ‘வெற்றி கொள்’ — என்ற சொல்லையே கலகத்தின் அடையாளச் சொல்லாக்கிக்கொண்டார்கள். அன்றைய ஹாகியா சோபியா ஆலயம் எரிந்தது. முன்பு ஆண்ட ஒரு சக்கரவர்த்தியின் மருமகன் ஹிப்பாடியஸுக்கு முடி சூட்டப்பட்டது. ஜஸ்டினியனின் அரண்மனை அதிகாரி நர்ஸெஸ் நீலர் தலைவர்களிடம் பொன்னை இறைத்துப் பழைய பேதத்தை எழுப்பினான். மைதானத்தின் வாயில்கள் வழியே தளபதிகள் பெலிஸாரியஸும் முண்டஸும் படைகளோடு புகுந்தபோது மாண்டவர்கள் முப்பதினாயிரத்துக்கு மேல் என்கிறார் பிரகோபியஸ்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பந்தயங்கள் சில காலம் நின்று மறுபடி நடந்தன. பழைய துவேஷமும் உடன் வந்தது. ஜஸ்டினியன் இறந்து மருமகன் இரண்டாம் ஜஸ்டின் பட்டத்துக்கு வந்த காலத்தில் இரு பக்ஷத்தாரும் மீண்டும் மோதிக்கொள்ள, உங்களைப் பொறுத்தவரை ஜஸ்டினியன் இறந்துவிட்டார் என்று நீலருக்கும், உங்களைப் பொறுத்தவரை அவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று பச்சையருக்கும் அவன் சொல்லியனுப்பியதாகச் சரித்திராசிரியர் தியோபனீஸ் குறித்திருக்கிறார். சலுகை போயிற்று என்று ஒரு சாராரும், தண்டனை போகவில்லை என்று மறு சாராரும் புரிந்துகொண்டு, சண்டையை அப்போதைக்கு நிறுத்திவிட்டார்களாம்.