தேய்ந்து வளர்ந்த செம்பிறை

'ஹிலால்' என்னும் அரபுச் சொல் முழுமதியைக் குறிப்பதன்று. மாதத் தொடக்கத்தில் மேல்வானில் தோன்றும் இளம்பிறையையே குறிக்கும். 'அஹ்மர்' என்பது சிவப்பு. துருக்கியர் தம் தொண்டுச் சங்கத்திற்கு 'ஹிலாலே அஹ்மர்' எனப் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம் என்பதை அதன் வரலாறு காட்டும். அப்பிறை தேய்ந்து மறைந்து, மீண்டும் வளர்ந்த பிறையாகும்.

1859இல் சால்பெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டு ஹென்றி துனான் உள்ளம் உருகினார். அவ்வுருக்கத்தின் விளைவாக 1864இல் ஜெனிவா உடன்படிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே உதுமானியப் பேரரசு அதில் இணைந்தது. 1868இல் இஸ்தான்புல்லில், காயமுற்ற வீரர்க்கு உதவும் சங்கம் தோன்றியது. அதற்காகப் பெரிதும் உழைத்தவர், ஆஸ்திரியாவிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய மருத்துவர் அப்துல்லாஹ் பே. தலைமை ஏற்றவர் கிரேக்கக் கிறித்தவரான மார்க்கோ பாஷா. துன்புறுவோர்க்கு உதவுவதில் மத வேறுபாடு குறுக்கே நிற்கவில்லை.

ஆயினும் சங்கம் நிலைக்கவில்லை. 1874இல் அப்துல்லாஹ் பே மறைந்தார். அதன்பின் சங்கம் பெயரளவிலேயே இருந்தது. 1877இல் ருஷ்யாவுடன் போர் மூண்டபோது செம்பிறைச் சின்னத்துடன் அதனைப் புதிதாகக் கூட்டினர். போர் முடிந்ததும் அது மீண்டும் ஓய்ந்தது. 1897இல் கிரேக்கப் போரின்போது சிறிது விழித்து, மறுபடியும் உறங்கிற்று. ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அத்தாமதத்தின் துன்பத்தைச் சுமந்தவர் காயமுற்ற வீரரே!

குறை யாது? இரக்கத்திற்குப் பஞ்சமில்லை, நிலையான அமைப்பே இல்லை. 1911இல் அதனை மீண்டும் நிறுவியவர்கள் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். 1912இல் மகளிர் பிரிவு ஏற்பட்டது. அது நிதி திரட்டியதோடு நில்லாது, அகதிப் பெண்களுக்குக் கைத்தொழில் பட்டறையும் நடத்திற்று. அவ்வாண்டே பால்கன் போர் மூண்டது. இந்திய முஸ்லிம்கள் திரட்டிய நிதியுடன் டாக்டர் எம். ஏ. அன்சாரி தலைமையில் மருத்துவக் குழுவொன்று பம்பாயிலிருந்து புறப்பட்டது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

பேரரசு வீழ்ந்தது, கிலாபத்தும் 1924இல் மறைந்தது. சங்கமோ நிலைத்து நின்றது! 1926இல் அபியோன்கரகிசார் கனிமநீர் ஊற்றின் வருவாய் அதற்கு உரியதாயிற்று. வக்பு சொத்தின் விளைச்சலால் மதரசாக்கள் வாழ்ந்ததை அறிந்த நமக்கு இதன் சிறப்பு எளிதில் விளங்கும். 1929இல் செம்பிறைச் சின்னம் ஜெனிவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்டது. 1935 முதல் அச்சங்கம் 'கிஸிலாய்' என வழங்கப்படுகிறது.

வெள்ளம் வந்தபோது கூடி, வடிந்தபோது கலையும் குழுக்களை நம் ஊர்களிலும் காண்கிறோம். அவர்தம் நிய்யத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறியன்றோ! உறுப்பினர் பட்டியலும் ஒழுங்கான கணக்கும் நிலையான வருவாயும் இக்லாஸுக்கு அயலானவை அல்ல; அதனைக் காக்கும் வேலியேயாம். அவ்வேலியை அமைதிக் காலத்திலேயே இட்டுவைத்தல் வேண்டும்.