ஏற்புத்திறன்: அறிவும் சடப்பொருளும்

தனக்கென உருவம் ஏதுமின்றி எந்த உருவத்தையும் ஏற்கவல்லது மூலப்பொருள் என்பது அரிஸ்டாட்டில் மரபின் கொள்கை. அறிவைப் பற்றியும் அவர் ஏறக்குறைய இதையே சொல்கிறார். எல்லாவற்றையும் அறிய வேண்டிய அறிவு எதனோடும் கலவாதிருக்க வேண்டும், அறியத் தொடங்கும்வரை அது எதுவாகவும் இல்லை என்பது ‘ஆன்மாவைப் பற்றி’ நூலின் 3ஆம் பகுதி, 4ஆம் அத்தியாயத்தின் கருத்து. அங்கே அவர் காட்டும் உவமை எழுத்தில்லாப் பலகை. மூலப்பொருளோடு அறிவுக்குள்ள இந்த ஒப்புமை வெறுமையளவில் பொருந்துகிறது. ஏற்கும் முறைக்கு வந்தால் பொருந்தவில்லை. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அஃப்ரோடிசியாஸ் அலெக்சாண்டரோ ஒருபடி மேலே போய், பலகையைக்கூட விட்டுவிட்டு எழுத்தில்லாமையையே அறிவுக்கு உவமையாக்கினார். ஏற்பவர் இல்லாத ஏற்பு என்பது நிற்குமா? கோர்டோபாவின் இப்னு ருஷ்து (1126–1198) இதை மறுத்தார். அறிவு, மூலப்பொருள் இரண்டும் ஏற்புத்திறனே என்றால் மூலப்பொருள் ஏன் எதையும் அறிவதில்லை என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். பொருள் ஏற்பது தனித்தனி உருவங்களை, அறிவு ஏற்பது பொதுமையை என்பது அவர் விடை. விடை நல்லதுதான், அதற்காக மனிதர் அனைவருக்கும் ஒரே அறிவு என்று கொண்டதுதான் மிகை. அப்படியானால் சிந்திப்பவன் இந்த மனிதன் என்று எப்படிச் சொல்வது என்று தாமஸ் அக்குவினாஸ் 1270இல் மடக்கினார். ஏற்கும் முறையின் வேறுபாட்டை அவர் பக்கத்து வாதம் இப்படிக் காட்டும்: சூட்டை ஏற்ற பொருள் சூடாகிறது, குளிர்ச்சியை இழக்கிறது. சூட்டை அறியும் அறிவோ சூடாவதில்லை. குளிரையும் உடன் அறிகிறது.

அதே 13ஆம் நூற்றாண்டில், இந்த வழக்கோடு தொடர்பின்றி, திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் இதே சிக்கலைத் தொட்டார். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பல நிறம் காட்டும் பளிங்கு அதற்கு உவமை. பளிங்கும் சடம்தானே, அப்படியானால் உயிரும் சடமாகாதா என்று கேட்கலாம். ஆகாது. படிந்த நிறத்தைப் பளிங்கு அறியாது, உயிர் அறியும். அறிவு உயிரின் இயல்பு. உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவம் அதை மறைத்திருப்பதால்தான் அறிவிப்பவனாக இறைவன் தேவைப்படுகிறான். ஏழாம் சூத்திரம் இன்னும் கூர்மையானது: சத்தையும் (மாறாத மெய்ப்பொருள்) அசத்தையும் (மாறும் உலகு) அறிவது இவ்விரண்டில் ஒன்றாக இருக்க முடியாது, ஆகவே உயிர் இரண்டையும் சாரும் சதசத்து. எதிரெதிரான இரண்டை ஒருங்கே அறிவது என்ற சான்றைத்தான் அக்குவினாஸ் பக்கத்து வாதமும் நம்பியிருக்கிறது. உயிரை வெற்றுப் பலகையாக்காமல், மறைக்கப்பட்ட அறிவாகக் கொண்டதால் மெய்கண்டாருக்கு அலெக்சாண்டரின் இடர்ப்பாடு எழவில்லை. ஆணவம் எப்போது வந்தது என்ற கேள்விக்கு மட்டும் அவர் மரபு அநாதி என்று சொல்லி நின்றுவிடுகிறது.