நாசா போக ரூ.1.69 லட்சம்: அரசுப் பள்ளி மாணவர்களின் விண்வெளிக் கனவுக்கு யார் பணம் கட்டுவது? முழு விளக்கம்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், முந்திரிக்குப் பேர்போன ஊர் ஆதனக்கோட்டை. இந்த ஊரின் அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படித்த மாணவி ஒருவர், 2019-ல் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய ஆன்லைன் அறிவியல் போட்டியில் வென்றார். பரிசு, அமெரிக்காவின் நாசா மையத்தைப் பார்க்கும் வாய்ப்பு.

ஆனால் பயணச் செலவு மாணவியுடையது. தேவைப்பட்டது ரூ.1.69 லட்சம். முந்திரி விற்று, சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த மாணவிக்கு அது எட்டாத தொகை.

செய்தி டிவியிலும் சமூக ஊடகத்திலும் பரவியது. பலர் உதவ முன்வந்தார்கள், தேவையான பணம் சேர்ந்தது. அதற்குப் பிறகு உதவ வந்த கிராமாலயா தொண்டு நிறுவனத்திடம், "எங்க ஊருக்குக் கழிப்பறை கட்டிக் கொடுங்க" என்று கேட்டார் அந்த மாணவி. 126 வீடுகளுக்குக் கழிப்பறை வந்தது. 2020 மே மாதம் போக வேண்டிய நாசா பயணம் மட்டும் கொரோனாவால் தடைபட்டது.

இந்தச் சம்பவம் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. செய்தி வைரல் ஆனதால் ஒரு பிள்ளைக்குப் பணம் கிடைத்தது. வைரல் ஆகாத பிள்ளைகளுக்கு யார் கட்டுவது?

இப்போது இது ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் விண்வெளித் துறை வேலைகள் வரப்போகின்றன என்று அரசுகளே சொல்கின்றன. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு சுமார் ரூ.986 கோடி.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அமைச்சரவை விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. 5 ஆண்டுகளில் ரூ.10,000 கோடி முதலீடு, சுமார் 10,000 பேருக்கு வேலை என்பது இலக்கு. அதற்கு முன்பே, 2022-ல் வந்த வான்வெளி மற்றும் பாதுகாப்புத் தொழில் கொள்கை 10 ஆண்டுகளில் ரூ.75,000 கோடி முதலீடு, ஒரு லட்சம் வேலை என்று இலக்கு வைத்தது.

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 முனையங்களில் திருச்சியும் ஒன்று. மற்றவை சென்னை, கோவை, ஓசூர், சேலம்.

இன்று 8-ம் வகுப்பு படிக்கும் பிள்ளை வேலைக்கு வர இன்னும் எட்டு, பத்து வருஷம் ஆகும். அந்த ஆளைத் தயார் செய்யும் செலவு இப்போதே தொடங்க வேண்டும். அதனால்தான் தொழிற்கொள்கையோடு சேர்த்து பள்ளிக்கூட அறிவியலையும் பேச வேண்டியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

நான்கு வழிகள் இருக்கின்றன.

1. இஸ்ரோவின் 'யுவிகா'

2019-ல் தொடங்கிய இளம் விஞ்ஞானி திட்டம் இது. 9-ம் வகுப்பு மாணவர்களுக்கு, கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, பாடப்பொருள், பயணச் செலவு எல்லாம் இஸ்ரோ பொறுப்பு.

8-ம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி வெயிட்டேஜ். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் 15 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். கிராமப்புறம் அதிகம் உள்ள புதுக்கோட்டை மாவட்டப் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ரயில் டிக்கெட்டை முதலில் கைக்காசில் எடுத்து, பிறகு அதைக் காட்டித்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

2. பள்ளிக்கே வரும் அரசுப் பணம்

நிதி ஆயோக்கின் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை கிடைக்கும். ஆய்வகம் அமைக்க ரூ.10 லட்சம், 5 ஆண்டுகள் நடத்த ரூ.10 லட்சம். 3டி பிரிண்டர், சென்சார், ரோபோ கிட் எல்லாம் இதில் வாங்கலாம்.

தமிழக அரசின் 'வானவில் மன்றம்' 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்டது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை, பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் பள்ளிக்கே நேரில் வந்து அறிவியல், கணிதப் பரிசோதனைகளைச் செய்துகாட்டுகிறார்கள்.

3. மாணவர் கைக்கு வரும் பணம்

8-ம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானால், 9 முதல் 12-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000. நான்கு வருஷத்துக்கு ரூ.48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது.

'இன்ஸ்பயர் மானக்' விருதில், நல்ல ஐடியா கொடுக்கும் மாணவருக்கு மாதிரி செய்துபார்க்க ரூ.10,000 வங்கிக் கணக்கில் வரும்.

பிளஸ் 2-வுக்குப் பிறகு 7.5 சதவீத இட ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல் படிப்புக்கும் இது உண்டு. இதில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் வானூர்திப் பொறியியல் இடங்களும் அரசுக் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன.

கலாம் காலத்தில் இதெல்லாம் கிடையாது. எம்.ஐ.டி.யில் சேரத் தேவைப்பட்ட சுமார் ஆயிரம் ரூபாய்க்கு, அவருடைய அக்கா ஜொஹரா தன் நகையை அடகு வைத்தார். நகை இல்லாத வீட்டுப் பிள்ளையும் அந்தப் படிப்புக்குப் போகலாம் என்பதுதான் இந்த ஒதுக்கீடு கொண்டுவந்த மாற்றம்.

4. தனியார் நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதி

2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம், விற்றுமுதல் அல்லது சொத்து மதிப்பு உள்ள நிறுவனங்கள், சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த நிதியையும் முன்னாள் மாணவர்களின் நன்கொடையையும் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவரத்தான் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், தமிழக அரசு கொடுத்த ரூ.25 லட்சம் பரிசுத்தொகையை, தான் படித்த விழுப்புரம் பாலிடெக்னிக், திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார்.

ஒருநாள் விழாவா, தொடர் பயிற்சியா?

பணம் வந்தால் மட்டும் போதாது. அது எதில் செலவாகிறது என்பதும் முக்கியம்.

நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து செய்தது 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7-ல் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் தோல்வி அடைந்ததில் அதுவும் வீணானது. பாதியில் விடாமல் மறுபடியும் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10-ல் 'ஆசாதிசாட்-2' சுற்றுப்பாதைக்குப் போனது.

ஒரு வருஷ நிதியோடு முடியும் திட்டத்தில் இந்த இரண்டாவது முயற்சிக்கு இடமே இருக்காது. டூர் அழைத்துப்போய் போட்டோ எடுத்து சான்றிதழ் கொடுப்பது எளிது. வாரம் ஒருநாள் ஆய்வகத்தைத் திறந்து வைப்பதும், பழுதான கிட்டை மாற்றுவதும், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதும்தான் கஷ்டம். நிதி அதற்குத்தான் போக வேண்டும்.

எல்லோரும் விஞ்ஞானி ஆகணுமா?

தேவையில்லை. ராக்கெட் செய்ய ஃபிட்டர், மெஷினிஸ்ட், வெல்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக் எல்லோரும் வேண்டும். இஸ்ரோவின் டெக்னீஷியன் பணிக்கு 10-ம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பில் டிப்ளமோ போதும். நெல்லை மாவட்டம் மகேந்திரகிரி மையத்துக்கும் இப்படி ஆள் எடுக்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு இது புதுசா?

இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்க வைத்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஆர்வம், பயிற்சி, பணம் மூன்றும் ஒரே நேரத்தில் கிராமத்துக்கு வந்ததால் நடந்த மாற்றம் அது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பிள்ளை 8-ம் வகுப்பில் இருந்தால், என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் போட்டாச்சா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.
* 9-ம் வகுப்பில் இருந்தால், ஆண்டு தொடக்கத்திலிருந்தே இஸ்ரோ இணையதளத்தில் யுவிகா அறிவிப்பைப் பாருங்கள். பதிவு இலவசம்.
* அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். யுவிகா தேர்வில் அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.
* "நாசா போகலாம்" என்று தனியார் போட்டி அழைப்பு வந்தால், ஜெயித்தால் செலவு யாருடையது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
* பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால், ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேளுங்கள்.