பிளசர் போய் எஸ்யூவி வந்த கதை

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், "பிளசர்" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில் காருக்கு அதுதான் பெயர். ஜீப் வந்தால் வனத்துறையோ போலீஸோ என்று அர்த்தம். பிளசர் வந்தால் டாக்டர், மாப்பிள்ளை, இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்க வந்தவர். அது பெரும்பாலும் அம்பாசிடராக இருக்கும், அல்லது பியட்.

இன்று மாலை ஏழு மணிக்கு நம் குறுக்குத் தெருக்களில் ஒரு நடை போய் வாருங்கள். நிற்பவற்றில் பாதிக்கு மேல் எஸ்யூவி. நாட்டில் விற்கும் புதுக் கார்களிலும் இப்போது அதே கணக்குதான். பழைய பெயர்கள் எப்படிப் போயின, இந்த உருவம் எப்படி நம் வாசலுக்கு வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நம் கூட்டங்களில் ஓயாமல் வரும் பார்க்கிங் தகராறுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்துக் கல்கத்தாவுக்கு அருகே உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அம்பாசிடர். பம்பாயில் பியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி. நம் மாநிலத்துக்கும் ஒரு கார் இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961 முதல் ஹெரால்டு செய்தது, 1972ல் கெஸல். 1985ல் ரோவர் காரின் உடம்பில் பழைய எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கினார்கள். விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். 1988ல் உற்பத்தி நின்றது.

ஆக, பழைய பெயர்களைச் சாய்த்தது எஸ்யூவி என்று சொன்னால் சரியாகாது. லைசென்ஸ் காலத்தில் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். போட்டி இல்லாததால் கம்பெனிகளுக்கு வண்டியை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அந்த நிம்மதி கலைந்தது. அம்பாசிடர் 1980களின் நடுவில் வருடத்துக்கு சுமார் 24,000 விற்றது. 2013-14ல் அது 2,200 அளவுக்கு இறங்கி, 2014 மே மாதம் ஆலை நின்றது. 2017ல் அந்தப் பெயரை பிரான்ஸ் நாட்டின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஒரு வேடிக்கை பாருங்கள்: மாருதி 800ன் உற்பத்தி நின்றதும் அதே 2014ல்தான், ஜனவரியில். அடித்தவனும் அடிபட்டவனும் நான்கு மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

அம்பாசிடரை விட்டாலும் அதன் உயரத்தை நாம் விடவில்லை என்பது என் எண்ணம். நாற்காலியில் உட்கார்வதுபோல அதில் உட்காரலாம், வேட்டி கசங்காது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருப்பதால் முன் சீட்டில் மூன்று பேர். பின்னால் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணியதில்லை. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போய்வர, வழியில் எந்தப் பள்ளமும் அதற்குப் பொருட்டில்லை. அதற்குப் பின் வந்த கார்களில் குனிந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. அதனால்தான் 1994ல் வந்த டாடா சுமோவையும் 2000ல் வந்த குவாலிஸ், பொலேரோவையும் நம் மாவட்டத்து டிராவல்ஸ்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சொந்த உபயோகத்துக்கு அவை விலையும் உருவமும் மிஞ்சியவை.

அந்த இடைவெளியை அடைத்தது வரிச்சட்டம். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500க்குள். உடனே கம்பெனிகள் டேப்பைக் கையில் எடுத்தன. 2008ல் டாடா இண்டிகோவின் டிக்கி குட்டையானது. 2012ல் டிசையரும் அப்படியே. அடுத்து, நீளத்தைக் கட்டுப்படுத்தி உயரத்தைக் கூட்டலாமே என்று தோன்றியது. 2013ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து போர்டு ஈகோஸ்போர்ட் வந்தது, 2016ல் மாருதி பிரெஸ்ஸா. 2017 ஜிஎஸ்டி வந்தபோதும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. 2024ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். நீளம் 3.8 மீட்டர்தான், ஆனால் நிற்கும் நிற்பு எஸ்யூவி.

இது நம் ஊர்ப் புதுமையும் இல்லை. அமெரிக்காவில் 1975ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபோது கார்களுக்குக் கடுமையான விதி, சிறு டிரக் வகைக்குத் தளர்ந்த விதி. டிரக் கணக்கில் சேர்ந்த எஸ்யூவி அங்கே அப்படித்தான் பெருகியது. 2018ல் போர்டு, மஸ்டாங் தவிர மற்ற கார்களை வட அமெரிக்காவில் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே அந்தப் பாதை பிடித்தும் அது பிழைக்கவில்லை. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் சொன்னார்கள். 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து வெளியேறிய கடைசி வண்டி, இந்த அலையைத் தொடங்கி வைத்தவற்றில் ஒன்றான அதே ஈகோஸ்போர்ட். நல்ல உருவம் இருந்தால் பெயர் நிலைக்கும் என்பதும் பொய்த்தது.

இப்போது நம் தெருவுக்கு வருகிறேன். வரிச்சட்டம் நீளத்தை அளந்தது, எஞ்சினை அளந்தது. அகலத்தை யாரும் அளக்கவில்லை. கம்பெனிகள் அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டன. அம்பாசிடரும் இன்றைய ஹூண்டாய் கிரெட்டாவும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 4.3 மீட்டர். அகலத்தில் அம்பாசிடர் 166 சென்டிமீட்டர், கிரெட்டா 179. நாலு மீட்டருக்குள் அடங்கும் பஞ்ச் கூட 174. மாருதி 800 வெறும் 144.

நம் குறுக்குத் தெரு 20 அடி, அதாவது 610 சென்டிமீட்டர். இருபுறமும் காம்பவுண்டை உரசி இரண்டு மாருதி 800 நின்றால் நடுவில் 322 சென்டிமீட்டர் மிச்சம். இரண்டு கிரெட்டா நின்றால் 252. அதிலும் கண்ணாடிகளைக் கணக்கில் எடுக்கவில்லை, சாக்கடை மூடிக்காக நாம் விடும் ஓரடியையும் எடுக்கவில்லை. சென்ற ஐப்பசி மழை இரவில் மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தபோது, இரண்டு வீட்டுக்காரர்களை எழுப்பி வண்டிகளை எடுக்கச் சொன்ன பிறகுதான் உள்ளே வர முடிந்தது. அந்த இரண்டில் ஒன்று என் மகனுடையது. சாவி எங்கே வைத்தான் என்று தேடிய நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் தெருவின் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்துவது பற்றிப் பேச இருக்கிறோம். எந்தப் பக்கம் என்பதில் சண்டை வரும், தெரியும். வருவதற்கு முன் உங்கள் வண்டியின் அகலத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். டேப் இல்லாதவர்கள் என் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.