கித்துல்கலயில் எரியாத விளக்கு

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நாம் கித்துல்கலவுக்குச் சுற்றுலா போகிறோம். களனி கங்கையில் படகு விடுவதைப் பார்த்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அந்த ஆற்றின் மேல்தான் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக ஒரு மரப்பாலத்தைக் கட்டித் தகர்த்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

1957 மார்ச் 10. புகையிரதம் பாலத்தில் போகும்போது வெடிக்க வேண்டும். பார்ப்பதற்குப் பிரதமர் பண்டாரநாயக்கவே வந்திருந்தார். ஒவ்வொரு கமராக்காரரும் கமராவை ஓடவிட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் ஒரு விளக்கை எரியச் செய்ய வேண்டும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் வெடி. இதுதான் ஒழுங்கு.

ஒரு விளக்கு எரியவில்லை.

புகையிரதமோ பாலத்தில் ஏறிவிட்டது. இயக்குநர் டேவிட் லீன் வெடிக்க விடவில்லை. அது அப்படியே அக்கரைக்குப் போய் மின்பிறப்பாக்கியில் மோதி நொறுங்கியது. காசும் போனது, பிரதமருக்கு முன்னால் மானமும் கொஞ்சம் போயிருக்கும். ஆள் போகவில்லை. புகையிரதத்தைத் திருத்தி மறுநாள் காலையில் வெடிக்க வைத்தார்கள். படத்தில் நாம் பார்ப்பது அந்த வெடிப்பைத்தான்.

இதே படத்தின் வேலைக் காலத்தில், உதவி இயக்குநர் ஒருவர் படப்பிடிப்புக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். வெடிப்பின் கதையைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வது குறைவு. பிள்ளைகளுக்கு நாம் இரண்டையும் சேர்த்தே சொல்வோம். பாலத்தின் கொங்கிறீட் அத்திவாரம் இன்றும் ஆற்றோரத்தில் கிடக்கிறது, போகிறவர்கள் இறங்கிப் பாருங்கள்.