வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி

பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கும்பினிப் பட்டாளம் தங்கிய காலந்தொட்டுத் தாம்பரம் வரையுள்ள ஊர்களுக்குத் துப்பாக்கி புதிய பொருளன்று. ஆயினும், இரவில் கன்னமிட்டுப் புகும் கள்வனை எதிர்க்கும் ஆத்மரக்ஷணை உரிமையை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் எல்லோருக்கும் சமமாக வழங்கியிருக்க, 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டமோ ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியனை மட்டும் லைசென்சுக்கு அலையவிட்டது. உரிமையைக் கொடுத்துக் கருவியைப் பறித்த அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

அபாயம் நேருமென்ற நியாயமான அச்சம் பிறந்த கணமே அவ்வுரிமையும் பிறக்கிறது. கன்னமிட்டவன் வீட்டுக்குள் இருக்கும்வரை அது நீடிக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கைச் சட்டம் பொறுப்பதில்லை. ஆகையால் நள்ளிரவில் கதவு பிளக்கையில் லைசென்சுள்ள துப்பாக்கியை நீட்டி எச்சரிப்பவன் குற்றவாளியல்லன். வேலித் தகராறில் அண்டை வீட்டாரிடம் அதையே நீட்டினால் மிரட்டலாகும்.

தாக்கியவன் யார், தற்காத்தவன் யார் என்பதே இத்தகைய வழக்குகளின் கேள்வி. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர்கள் எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயமுற்றபோது, முதலில் சுட்டவர் யார் என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. ராதா சிறை சென்றார்.

1959-இன் ஆயுதச் சட்டமும் லைசென்சை ஒழிக்கவில்லை. துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக் கணக்கும் பதிந்த சிறு லைசென்சுப் புத்தகத்தோடு, தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கும் வழக்கம் இன்றும் உண்டு.