பூஜ்யம் யாருடைய உடல்?

எங்கள் தெருவில் நடந்த இலவச முகாமில் அம்மா குதிகாலைக் கருவியில் வைத்துவிட்டு ஒரு சீட்டோடு வந்தாள். டி ஸ்கோர் மைனஸ் 1.8 என்றிருந்தது. "எலும்பெல்லாம் கரைஞ்சு போச்சாம்டா" என்றாள். இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை. ஓர் எண் ஓர் உடலை இப்படி உட்கார்த்தி வைக்குமென்றால் அந்த எண்ணின் வரலாற்றைக் கேட்டாக வேண்டும்.

1963இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கேமரானும் சோரன்சனும் முன்கை எலும்பின் வழியே கதிர்க்கற்றையைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். 1987இல் வந்த டெக்ஸா கருவி இரட்டை ஆற்றல் எக்ஸ்ரேயால் இடுப்பையும் முதுகெலும்பையும் சில நிமிடங்களில் அளந்தது. ஆனால் கருவி சொல்வது ஒன்றுதான்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் தாது. எது நோய் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல மனிதர்கள் உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது.

பேசினார்கள். 1992 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ரோமில் கூடியது. அறிக்கை 1994இல் வெளிவந்தது. இளம் வெள்ளைப் பெண்களின் சராசரி அடர்த்தி பூஜ்யமானது. அதிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறோம் என்பதே டி ஸ்கோர். மைனஸ் 1 வரை இயல்பு. அதற்கும் மைனஸ் 2.5க்கும் நடுவே ஆஸ்டியோபீனியா, மைனஸ் 2.5உம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ். ஏன் 2.5? அங்கே கோடு போட்டால் மாதவிடாய் நின்ற வெள்ளைப் பெண்களில் ஏறத்தாழ 30 சதம் பேர் கீழே வந்தார்கள். அது அவர்களுடைய வாழ்நாள் எலும்பு முறிவு அபாயத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. மக்கள்தொகையை எண்ணுவதற்கு வசதியான கோடு. இந்தக் கணக்கில் இளம் பெண்களிலேயே 100க்கு 16 பேர் மைனஸ் 1க்குக் கீழேதான் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் என்ன வியாதி?

எண்ணுவதற்கான கோடு சிகிச்சைக்கான கோடாக மாறிய கதை அடுத்தது. 1995இல் மெர்க் கம்பெனியின் ஃபோசமாக்ஸ் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு அந்தக் கம்பெனி எலும்பு அளவீட்டுக்கென்றே லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, விலை குறைந்த சிறு கருவிகள் மருத்துவர்களின் அறைகளுக்குப் போக வழிசெய்தது. 1997இல் முதியோருக்கான அரசுக் காப்பீடு இச்சோதனைக்குப் பணம் தருவதற்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மாத்திரை 'தடுப்பு'க்கும் அனுமதி பெற்றது. நடுவிலிருந்த ஆஸ்டியோபீனியா, நோய்க்கு முந்தைய நோயாயிற்று. சந்தைக்கு ஒரு புதிய குடிமகள் கிடைத்தாள்.

"எல்லாம் மருந்துக் கம்பெனி சதி" என்று இங்கே முடித்துக்கொள்வது நம் வட்டாரத்துக்குச் சுலபம். எனக்கு அது போதவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த கிழவிகளை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வலி சொல்லாடல் அல்ல. இடுப்பின் அடர்த்தி ஒரு திட்ட விலக்கம் குறைந்தால் இடுப்பு முறியும் அபாயம் சுமார் 2.6 மடங்காகிறது என்று 1996இல் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மருந்து முறிவைக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் முறிவுகளில் பெரும்பகுதி கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கே நேர்கிறது, அவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால். ஆகவேதான் 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த ஃபிராக்ஸ் கணிப்பு வயது, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, ஸ்டீராய்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்தாண்டு அபாயத்தைக் கணக்கிட்டது. உடலுக்கு அதன் வாழ்க்கை திருப்பித் தரப்பட்டது என்று சொல்லலாம்.

அம்மாவின் சீட்டுக்கு வருகிறேன். ரோமில் போட்ட கோடுகள் குதிகால் ஒலிக்கருவிக்குப் பொருந்தவே பொருந்தாது. டெக்ஸா எடுத்தாலும் அது பரப்பைத்தான் அளக்கிறது, கனஅளவை அல்ல. சிறிய எலும்பு அதில் அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அதனால் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியவள், முறையாக இடுப்பிலும் முதுகிலும் எடுத்துப் பார்ப்பதே சரி. ஆனால் சீட்டு கையில் வந்ததும் கேட்கவேண்டியவை உண்டு: எந்தக் கருவி? எந்த எலும்பு? யாருடைய உடலைப் பூஜ்யமாக வைத்து? இதற்குமுன் விழுந்து எலும்பு முறிந்ததுண்டா என்று யாராவது உன்னைக் கேட்டார்களா?

முகாமில் கேட்டார்களா என்றேன். "பேரும் போன் நம்பரும்தான் கேட்டாங்க" என்றாள்.